கைமாற்று

வயிற்றில் எடுக்க ஒன்றுமில்லை என்றார் டாக்டர் வான்ஹூட்,
இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்துவிட்டு.
சந்தையில் மெலிந்த கோழியைத் திருப்பி வைப்பதுபோல்
சட்டையை இறக்கிவிட்டார்.
பிறகு தொடையைப் பார்த்தார்.
நாற்பத்தொரு வயதில்
அப்படிப் பார்க்கப்பட்டு நாளாயிற்று.

"குதிரையேறுவீர்களா?"
"இறால் பிடிப்பேன். குதிரைமேல்."
கெண்ட் நகரத்துக்காரர், சிரித்தார்.
நான் சிரிக்காததைக் கண்டு
பேனாவை எடுத்தார்.

உள்தொடையின் உச்சியில்
நீல மையில் ஒரு பிறை.
தோல், கொழுப்பு, ஒரு மெல்லிய தசை.
அது இல்லாமலும் உடம்பு ஓடும் என்றார்.
அவர் உடம்பைச் சொன்னார்.
என் உடம்பு ஒன்பதாண்டாக
அந்தத் தசையால்தான் ஃபினாவோடு பேசுகிறது.
தொள்ளாயிரம் கிலோ பெண்குதிரை.
இறுக்கினால் நட. தளர்த்தினால் நில்.
அலை வருகிறது, பயப்படாதே.

ஏழு மணி நேரம்.
தலைமயிரினும் மெல்லிய நூலால்
தொடையின் குழாயை விலாவின் குழாயோடு
தொடுத்திருக்கிறார்கள்.
நான் வலை முடிகிறவள்.
ஒரு கண்ணி தவறினால்
என்னென்ன போகும் என்று தெரியும்.

அறையை அடுப்படிபோல் சூடாக்கியிருந்தார்கள்.
மணிக்கொரு தடவை யூனா வந்தாள்,
குளிர்ந்த பசை தடவி
பேனாபோன்ற கருவியை வைத்துக் கேட்டாள்.
ஷூ... ஷூ... ஷூ...
"ரத்தம் போகிறது" என்பாள்.
எனக்கு அது
ஈர மணலிலிருந்து குளம்பு எடுக்கிற ஓசை.
மூன்றாம் சாமத்தில் ஒன்றும் கேட்கவில்லை.
சரித்தாள். நகர்த்தினாள்.
இரண்டு பேரும் மூச்சை நிறுத்திக்கொண்டோம்.
அரை விரல்கடை தள்ளி
குதிரை வந்துகொண்டிருந்தது.

யாரிடமும் கைநீட்டாமல்
என் சதையை எனக்கே கைமாற்றாய்க் கொடுத்தேன்,
திருப்பிக் கேட்க ஆளில்லை என்று.
தொடை கேட்டது.
முதலில் கழிப்பறையில், பிறகு படிக்கட்டில்.
ஆறு வாரம் காலை அகட்டக் கூடாதாம்.
கன்னியர் பள்ளியில் அன்று கேட்காத பேச்சை
இப்போது கேட்டு
முழங்கால் சேர்த்து உட்கார்ந்திருந்தேன்.

யோரிஸ் விளக்கை அணைக்கப் போனான்.
வேண்டாம் என்றேன்.
வெயில் காணாத இடத்துத் தோல்,
அதில் நாலைந்து பொன்மயிர்
முளைத்திருந்தது.
"உனக்கும் மார்பில் முடி" என்றான்,
தன் சட்டைப் பொத்தானை அவிழ்த்துக் காட்டி.
சிரித்தால் தையல் வலிக்கும்.
வலித்தது.

ஓர் இரவு மார்பு அரித்தது.
சொறிந்தேன், அடங்கவில்லை.
கை தானாகத் தொடைக்குப் போனது.
அங்கே தழும்புதான் இருந்தது.
வீடு மாறியதைத் தபால்காரருக்கு
யாரும் சொல்லவில்லை.

செப்டம்பரில் நீர் வற்றிய ஒரு காலை
மரச்சேணத்தில் ஏறினேன்.
இரண்டு பக்கமும் கூடை, பின்னால் வலை.
இடது கால் இறுக்கியது.
வலது கால் பாதி வாக்கியத்தில் நின்றது.
ஃபினாவுக்கு ஒரு கால்தான் கேட்டது.
அந்த அழுத்தத்துக்கு விலகி
வலப்புறமாகவே திரும்பித் திரும்பி
மணலில் வட்டம் போட்டாள்.
கரையில் சுற்றுலாக்காரர்கள் கைதட்டினார்கள்,
வித்தை என்று நினைத்து.

குனிந்தேன், பிடரியில் மார்பு படும்வரை.
அவளை ஒன்பதாண்டு அறிந்த தசை
மஞ்சள் மழைச்சட்டைக்குள்
சும்மா கிடந்தது.
அது பேசவில்லை, அவளும் கேட்கவில்லை.
நான் எதையும் எதிர்பார்க்கவில்லை என்று
பொய் சொல்லமாட்டேன்.

கடைசியில் வாயைத் திறந்து சொன்னேன்,
நட.
காதைத் திருப்பினாள்.
இவளுக்குப் பேசவும் வருமா என்பதுபோல்.
பிறகு நடந்தாள்.

கடல் அவள் மார்புக்கு வந்தது.
அடுத்த அலை எனக்கு.
கழுத்து வழியே உள்ளே இறங்கியது.
வலது மார்பு விறைத்தது.
இடது ஒன்றும் அறியாமல்
தன் ரத்தத்தோடு கதகதப்பாய் இருந்தது.

அன்றைக்கு முக்கால் கூடை.
அதிலும் பாதி நண்டு.